ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவது எப்படி?

(ஓப்பன் சோர்ஸ் கையேடுகள் பற்றி ஒரு பயிற்சிக் கட்டுரை. எழுதியவர்: மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு பாடக் கட்டுரை எழுதித் தரும்படி மன்றத் தோழர்கள் கேட்டார்கள். பெரிய பெரிய தலைப்புகளை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மிகச் சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மென்பொருளின் கையேட்டில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டோம். இப்போது என்ன செய்வது? இவ்வளவுதான் தலைப்பு.

"இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். ஆனால் இந்த ஒரு எழுத்தைச் சரியாகத் திருத்தி முடிப்பதற்குள், ஒரு பொறியாளன் செய்ய வேண்டிய எல்லா வேலையும் வந்துவிடுகிறது. கண்டுபிடிப்பது, உறுதி செய்வது, மூலத்தைத் தேடுவது, தேவையானதை மட்டும் மாற்றுவது, காரணம் எழுதுவது, பரிசோதனைக்குக் காத்திருப்பது எல்லாமே உண்டு. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். டிராயிங்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒரு மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் கொடுத்து வெளியிட்டால் அது ஓப்பன் சோர்ஸ். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். "ஓப்பன் சோர்ஸ்" என்ற பெயர் 1998-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. நம்ம லேப்பில் ஓடுகிற லினக்ஸ், பைத்தான், ஜிசிசி கம்பைலர் எல்லாம் இந்த வகைதான்.

நிரல் மட்டும் திறந்திருப்பதில்லை. அதோடு வரும் கையேடும் பெரும்பாலும் அப்படியே திறந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தில் பிழை இருந்தால் பென்சிலால் நம் பிரதியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். இங்கே திருத்தினால் அடுத்துப் படிக்கிற எல்லோருக்கும் திருந்திவிடும்.

2. ஓர் எழுத்து தப்பினால் என்ன ஆகும்?

மூன்று விதமான சேதம் உண்டு.

முதலாவது, படிக்கிறவன் தடுமாறுகிறான். இங்கிலீஷில் ஊறியவர்கள் பிழையை கவனிக்காமலே கடந்து போவார்கள். அவர்கள் கண் சொல்லின் உருவத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற நமக்கு, அகராதியில் இல்லாத சொல் வந்தால் அதோடு நின்றுவிடுகிறது. புதுச் சொல்லோ, டெக்னிக்கல் சொல்லோ என்று தேடிக்கொண்டே இருப்போம்.

இரண்டாவது, தேடுகிறவனுக்குக் கிடைக்காமல் போகிறது. 'செபரேட்' என்ற சொல்லின் நடுவில் 'ஏ' வர வேண்டும். அங்கே 'இ' போட்டு எழுதியிருந்தால், சரியான எழுத்தோடு தேடுகிறவனுக்கு அந்த வரி அகப்படாது. லினக்ஸ் கெர்னலுக்கு "சில்லறைத் திருத்தங்கள்" என்று முன்பு தனி வழி ஒன்று இருந்தது. எவை அதில் சேரும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஆவணங்களில் உள்ள எழுத்துப் பிழை ஒன்று. 'கிரெப்' கட்டளையால் தேடுவதைக் கெடுக்கும் எழுத்துப் பிழை இன்னொன்று. தேடலைக் கெடுப்பதும் ஒரு சேதம் என்று பெரியவர்களே எழுதி வைத்திருந்தார்கள் என்பதை கவனியுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. கையேட்டில் உள்ள கட்டளையே தப்பாகிவிடுவது. நம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மென்பொருளை நிறுவக் கையேட்டைப் பார்த்து அதிலிருந்தே காப்பி எடுத்துக் கட்டளை கொடுத்தாள் என் பெஞ்ச் தோழி. "இப்படி ஓர் ஆப்ஷன் கிடையாது" என்று மறுபடி மறுபடி வந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. "எனக்குத்தான்டி இங்கிலீஷ் புரியலை, ஏதோ ஒண்ணு விட்டுட்டேன்" என்று கண் கலங்கிவிட்டாள். அவள் எதையும் விடவில்லை. கட்டளையில் அடுத்தடுத்து இரண்டு சிறு கோடு இருக்க வேண்டும். அச்சுக்கோக்கும் மென்பொருள் அந்த இரண்டையும் சேர்த்து அழகான ஒரே நீளக் கோடாக மாற்றிவிட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அது வேறு எழுத்து.

இதைவிட மோசமானதும் உண்டு. பைத்தானுக்குத் துணை நிரல்கள் கிடைக்கிற இடம் பைபிஐ. 2017 செப்டம்பரில் அங்கே பத்துப் போலித் தொகுப்புகள் இருப்பதை ஸ்லோவாக்கியா நாட்டின் பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடித்து அறிவித்தது. எல்லாமே பிரபலமான பெயர்களைப் போலவே தோன்றுகிற பெயர்கள். 'யூஆர்எல்லிப்3' என்ற பெயரில் இரண்டு 'எல்' வரும். ஒன்றை விட்டுவிட்டு அதே மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். யாராவது தப்பாகத் தட்டச்சு செய்வார்கள் என்று காத்திருக்கிற வலை அது. தட்டச்சு செய்கிறவன் தப்பினால் அவன் ஒருவனோடு போகும். கையேடே ஓர் 'எல்'லை விட்டிருந்தால்? படித்த அத்தனை பேரும் போய் விழுவார்கள்.

3. நிலைத்துப் போன பிழைகள்

பிழையை உடனே திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. நாம் ஓர் இணைப்பைத் தட்டி இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று நம் பிரவுசர் சர்வருக்குச் சொல்லும். அந்தத் தலைப்பு வரியின் பெயர் 'ரெஃபரர்'. இங்கிலீஷ் அகராதிப்படி நடுவில் இரண்டு 'ஆர்' சேர்ந்து வர வேண்டும். ஆனால் எச்டிடிபி விதிமுறையில் ஒரே 'ஆர்'தான் இருக்கிறது. யாரோ விட்ட எழுத்து, 1996-ல் வெளியான ஆர்எஃப்சி 1945 ஆவணத்திலும் அப்படியே ஏறிவிட்டது. அதற்குள் சர்வர்களும் பிரவுசர்களும் அந்தப் பெயரிலேயே பேசப் பழகிவிட்டன. திருத்தினால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே இன்றுவரை தப்பான எழுத்துதான் சரியான எழுத்து! பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்ற தலைப்பு வரியில் இரண்டு 'ஆர்' சரியாக இருக்கிறது. அண்ணன் பெயர் ஒரு மாதிரி, தம்பி பெயர் இன்னொரு மாதிரி.

யூனிக்ஸில் கோப்பு உருவாக்கும் சிஸ்டம் கால் 'கிரியேட்'. அதன் கடைசி 'இ' எழுத்து கிடையாது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்ப்சன் வேடிக்கையாகச் சொன்னதாகப் படித்திருப்பீர்கள். அதேபோல 'அன்மவுண்ட்' கட்டளையில் முதல் 'என்' இல்லை. புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது 'என்' போட்டுத் தட்டி, "கட்டளை இல்லை" என்று பதில் வாங்குகிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, பிழை இளசாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். இரண்டு, பிழைபோலத் தெரிவதெல்லாம் திருத்தக்கூடிய பிழை அல்ல. கையேட்டில் 'கிரியேட்' என்று 'இ' இல்லாமல் இருக்கிறதே என்று சேர்த்துவிட்டால், சரியாக இருந்த கையேட்டை நாமே கெடுத்தவர்கள் ஆவோம்.

4. முதலில் உறுதி செய்க

ஆகவே பார்த்தவுடன் கை வைக்கக் கூடாது. கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அ) இது சாதாரணச் சொல்லா, அல்லது கட்டளை, ஃபங்ஷன், மாறி, கோப்பு இவற்றின் பெயரா? பெயர் என்றால் நிரலில் எப்படி இருக்கிறதோ அதுதான் சரி.

ஆ) பிரிட்டிஷ் எழுத்தா, அமெரிக்க எழுத்தா? 'கலர்' என்பதை 'யூ' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். இரண்டும் சரி. அந்தத் திட்டம் எதைப் பின்பற்றுகிறதோ அதன்படி விட்டுவிட வேண்டும்.

இ) யாருடைய பெயராவது, அல்லது பிறர் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டதா? அப்படியானால் தொடாதீர்கள்.

ஈ) புதிய பதிப்பிலும் இருக்கிறதா? நாம் படிப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய பிரதியாக இருக்கலாம். மூல இடத்தில் போய்ப் பார்த்தால் எப்போதோ திருத்தியிருப்பார்கள்.

உ) வேறு யாராவது ஏற்கெனவே சொல்லிவிட்டார்களா? பழைய அறிக்கைகளில் ஒருமுறை தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

5. மூலம் எங்கே இருக்கிறது?

குழாயில் கலங்கல் வந்தால் குழாயைக் கழுவிப் பிரயோஜனம் இல்லை, தொட்டியைப் பார்க்க வேண்டும். கையேடும் அப்படித்தான்.

டெபியன் அல்லது உபுண்டுவில் நாம் படிக்கிற மேன் பேஜ் பெரும்பாலும் அவர்கள் எழுதியதல்ல. மென்பொருளை எழுதியவர்கள் தந்ததை அவர்கள் தொகுத்துக் கொடுக்கிறார்கள். எழுதியவர்கள் இருக்கிற இடத்தை 'அப்ஸ்ட்ரீம்' என்பார்கள். அதாவது ஆற்றின் மேல்பக்கம். அங்கே திருத்தினால் கீழே உள்ள எல்லா ஊருக்கும் நல்ல தண்ணீர் வரும்.

இன்னொரு சிக்கல், பல பக்கங்கள் தானாக உருவாக்கப்படுபவை. நாம் பார்ப்பது எச்டிஎம்எல் கோப்பு. அதன் மூலம் வேறொரு கோப்பாக இருக்கும், அல்லது நிரலின் நடுவே உள்ள குறிப்பாக இருக்கும். உருவான கோப்பில் திருத்தினால் அடுத்த முறை உருவாக்கும்போது பழைய பிழையே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். பைத்தான் ஆவணங்களில் "மூலத்தைக் காட்டு" என்ற இணைப்பும், "பிழையைத் தெரிவி" என்ற இணைப்பும் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். முதலில் அதைத் தட்டிப் பார்த்துப் பழகலாம்.

6. அறிக்கை எழுதுவது

திருத்தத் தெரியாவிட்டாலும் தெரிவிக்கலாம். நல்ல அறிக்கையில் ஐந்து வரி போதும். நம்ம லேப் அப்சர்வேஷன் நோட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம்: கையேட்டின் பெயர், பிரிவின் தலைப்பு
எந்தப் பதிப்பு: பதிப்பு எண்
இப்போது இருப்பது: அந்த முழு வாக்கியம்
இருக்க வேண்டியது: திருத்திய வாக்கியம்
காரணம்: ஒரே வரி

"உங்கள் கையேட்டில் நிறையப் பிழை இருக்கிறது" என்று எழுதுவது அறிக்கை ஆகாது. எது, எங்கே, எப்படி என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் தேடாமல் வேலையை முடிப்பார். அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், ராத்திரியில் வீட்டு வேலை முடித்துவிட்டு உட்காருகிறவர்கள். நாம் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவர்கள் தூக்கத்திலிருந்து எடுக்கிற நேரம்.

டெபியனில் 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி இருக்கிறது. அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும். பிழை எவ்வளவு தீவிரம் என்றும் கேட்கும். மிகத் தீவிரம் முதல் வெறும் விருப்பம் வரை அங்கே படிகள் உண்டு. எழுத்துப் பிழைக்குப் பொதுவாக 'மைனர்' என்ற படிதான் பொருந்தும். நம் கண்ணில் பட்டது என்பதற்காக 'கிரிட்டிக்கல்' என்று போட்டால் கேலிதான் மிஞ்சும். ஆனால் கோப்பை அழிக்கிற கட்டளையில் உள்ள பிழை என்றால் அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். எத்தனை எழுத்து என்பது கணக்கில்லை. அதனால் என்ன சேதம் என்பதுதான் கணக்கு.

7. நாமே திருத்துவது

பெரும்பாலான திட்டங்கள் இப்போது 'கிட்' என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. அதையும் லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005-ல் எழுதினார். வேலையின் வரிசை இது:

(1) திட்டத்தில் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். அதுதான் அந்த வீட்டு வழக்கம். பைத்தானில் சாதாரண எழுத்துப் பிழை என்றால் தனி அறிக்கை போடாமல் நேராகத் திருத்தத்தையே அனுப்பலாம். லினக்ஸ் கெர்னலுக்கு மின்னஞ்சலில் பேட்ச் ஆக அனுப்ப வேண்டும். கீழே "நான் கையெழுத்திடுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரியும், பெயரும், மின்னஞ்சலும் இருக்க வேண்டும்.

(2) திட்டத்தின் பிரதியை நம் கணக்கில் எடுத்துக்கொண்டு தனிக் கிளை ஒன்று தொடங்குங்கள்.

(3) அந்த எழுத்தை மட்டும் மாற்றுங்கள். எடிட்டர் தானாக வரிகளை மடக்கி, இடைவெளிகளை ஒழுங்குபடுத்திவிட்டால் நூறு வரி மாறியதாகக் காட்டும். பரிசோதிக்கிறவர் வைக்கோல் போரில் ஊசி தேட வேண்டியிருக்கும்.

(4) 'கிட் டிஃப்' கொடுத்துப் பாருங்கள். கழித்தல் குறியோடு பழைய வரி, கூட்டல் குறியோடு புது வரி. இந்த இரண்டு தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது.

(5) கமிட் செய்தியில் எந்தக் கோப்பில் எந்தச் சொல் என்று எழுதி அனுப்புங்கள்.

மூன்றாவது படியில் ஒளிந்திருக்கிற மூன்று பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பள்ளம், தலைப்பின் அடிக்கோடு. பைத்தான், லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள் 'ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்' என்ற முறையில் எழுதப்படுகின்றன. அதில் தலைப்புக்குக் கீழே சமக்குறிகளோ சிறு கோடுகளோ வரிசையாகப் போட வேண்டும். அந்த வரிசை தலைப்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. தலைப்பில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்தால் கீழேயும் ஒரு குறி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் "அடிக்கோடு போதவில்லை" என்று எச்சரிக்கை வரும்.

இரண்டாவது, இணைப்புகள். பல இடங்களில் ஒரு பிரிவுக்கான இணைப்பு அதன் தலைப்பிலிருந்தே தானாக உருவாகிறது. தலைப்பை மாற்றினால் இணைப்பின் முகவரியும் மாறும். பழைய முகவரியைப் பிடித்து வருகிறவர்கள் நடுவழியில் நிற்பார்கள். ஆகவே அந்தத் தலைப்புக்கு வேறு எங்கிருந்து இணைப்பு வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. இது தமிழர்களாகிய நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. க்னோம், லிப்ரேஆபிஸ் போன்றவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்புக்குப் பரவலாகப் பயன்படும் 'கெட்டெக்ஸ்ட்' முறையில், இங்கிலீஷ் வாக்கியம்தான் சாவி; தமிழ் வாக்கியம் அந்தச் சாவிக்குப் பொருந்துகிற பூட்டு. இங்கிலீஷில் ஓர் எழுத்தைத் திருத்தினால் சாவி மாறிவிடுகிறது. பழைய தமிழ் வாக்கியத்துக்கு 'ஃபஸி', அதாவது சந்தேகத்துக்குரியது, என்ற முத்திரை விழும். ஒரு மொழிபெயர்ப்பாளர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அது திரையில் வராது. இங்கிலீஷ் எழுத்து திருந்தும். தமிழ் வரி காணாமல் போகும்! இதனால்தான் க்னோம் போன்ற திட்டங்களில் வெளியீட்டுக்கு முன்பு சில வாரங்கள் வாக்கியங்களை மாற்றக் கூடாது என்று பூட்டு போட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நம் திருத்தம் சரியாகவே இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கிட்ஹப்பில் உள்ள திட்டம் என்றால் பக்கத்தின் மேலே உள்ள பென்சில் படத்தைத் தட்டி பிரவுசரிலேயே திருத்தி அனுப்பலாம். செல்போனிலும் முடியும். சிரமம்தான், ஆனால் முடியும்.

8. கருவிகள் எவ்வளவு தூரம் வரும்?

'ஹன்ஸ்பெல்', 'ஆஸ்பெல்' போன்றவை அகராதியை வைத்துப் பார்க்கும். அகராதியில் இல்லாத எல்லாவற்றையும் பிழை என்று சொல்வதால், நிரல் நிறைந்த கையேட்டில் வரிக்கு வரி கத்தும். 'கோட்ஸ்பெல்' என்ற கருவி வேறு வழியில் போகிறது. வழக்கமாக ஜனங்கள் செய்கிற பிழைகளின் பட்டியல் அதனிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும் பிடிக்கும். 'ரிசீவ்' என்ற சொல்லில் 'ஐ'யும் 'இ'யும் இடம் மாறியது, 'லெங்த்' கடைசியில் 'டி', 'ஹெச்' முன்பின் ஆனது போன்றவை உடனே அகப்படும்.

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் தப்பான சொல், நடுவில் இரண்டு செங்குத்துக் கோடு, பிறகு சரியான சொல். 'செக்பேட்ச்' என்ற நிரல் அதை வைத்துக்கொண்டு பேட்ச்களைச் சோதிக்கிறது. அந்தப் பட்டியல் முதலில் டெபியனின் 'லின்டியன்' கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பொறுக்கிய கல்லை இன்னொருவர் தன் அரிசியைப் புடைக்கவும் பயன்படுத்துகிறார். அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான்.

ஆனால் கருவியால் முடியாதது நிறைய இருக்கிறது. 'ஃப்ரம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஃபார்ம்' என்று இருந்தால் இரண்டும் அகராதியில் உள்ள சொல்தான். 'நாட்' என்பதற்கு 'நவ்' என்று ஓர் எழுத்து மாறினால் "இதைச் செய்யக் கூடாது" என்பது "இப்போது செய்" என்று ஆகிவிடும். கருவி வாயைத் திறக்காது. படித்துப் புரிந்துகொள்கிற மனுஷன்தான் பிடிக்க வேண்டும். கோட்ஸ்பெல்லில் தானாகவே எல்லாவற்றையும் திருத்தி எழுதும் வசதியும் உண்டு. அதை ஓட்டிவிட்டு, என்ன மாறியது என்று பார்க்காமல் அனுப்புவது, படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

9. எண்ணிக்கைக்காகத் திருத்தாதீர்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது. 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்று ஒரு நிகழ்ச்சி 2014 முதல் அக்டோபர் மாதத்தில் நடக்கிறது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்து ஊக்குவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 2020-ல் என்ன ஆயிற்று? டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் 'ரீட்மீ' கோப்புகளில் அர்த்தமில்லாமல் ஒரு சொல்லைச் சேர்த்தும், கமா போட்டும் அனுப்பிக் குவித்தார்கள். திட்டங்களைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொன்றையும் திறந்து மூடியே களைத்துப் போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்ற பிரபலமான திட்டத்துக்கு, ஒரு பாட வீடியோவைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் தங்கள் பெயரை ரீட்மீயில் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள்.

இரண்டு சமயத்திலும் இந்திய மாணவர்கள்மீதுதான் அதிகம் பழி வந்தது. அதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல், வேலை கிடைக்கும் என்ற ஆசையில் செய்தவர்கள்தான் அவர்களில் பலர். ஆனால் நாம் தட்டுவது யாரோ ஒருவர் வீட்டுக் கதவு என்பதை மறக்கக் கூடாது. பயிற்சி செய்யவா? நாமே ஒரு ரெப்போ தொடங்கி, நண்பர்களோடு ஒருவருக்கொருவர் திருத்தம் அனுப்பிப் பழகலாம். வெளியே அனுப்புவது, படிக்கிறவனுக்கு உண்மையிலேயே உதவுகிற திருத்தமாக இருக்கட்டும்.

ஒரே கோப்பில் ஆறு பிழை கண்டால் ஆறு திருத்தமாக உடைத்து எண்ணிக்கை ஏற்றாமல், சேர்த்து ஒன்றாக அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள். வேண்டாம் என்று சொன்னால் காரணத்தைப் படித்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற கேள்விக்குக் கோபப்படுவோமா?

10. நம்ம இங்கிலீஷை வைத்துக்கொண்டு இங்கிலீஷைத் திருத்துவதா?

நம்மில் முக்கால்வாசிப் பேர் தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் புத்தகத்தைத் திறந்தபோது எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரன் எழுதியதை நாம் போய்த் திருத்துவதா என்ற கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

நான் கேட்கிறேன், ஓர் எழுத்தின் விலை நம்மைவிட யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பா பெயர் முருகேசன். ஒரு சான்றிதழில் 'ச'வுக்குப் பதிலாக 'ஷ' போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்காக அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார். "போன தடவை இருந்தவர் போட்டது, நாங்க என்ன பண்றது" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஸ்காலர்ஷிப் இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. உங்களில் பலர் வீட்டிலும் ரேஷன் கார்டிலோ ஆதாரிலோ இப்படி ஒரு கதை இருக்கும். நம்மால் அந்தப் பேனாவைத் தொட முடியாது. ஓப்பன் சோர்ஸில் பேனா நம் கையிலும் இருக்கிறது. எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்காமல், திருத்தம் சரியா என்று மட்டும் பார்க்கிற இடம் அது.

இன்னொன்று, வேகமாகப் படிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாத பிழை, சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படிக்கிறவன் கண்ணுக்குத் தெரியும். நாம் மெதுவாகப் படிப்பது இந்த வேலைக்கு ஒரு தகுதி. அகராதி பார்க்கிற பழக்கம் இன்னொரு தகுதி. அறிக்கை எழுதக் கவிதை இங்கிலீஷ் வேண்டாம். எது, எங்கே, எப்படி என்று சொல்கிற நாலு எளிய வாக்கியம் போதும்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். டொனால்ட் க்னுத் என்ற கணினி அறிஞர், 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவர். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவர்களுக்கு, அது வெறும் அச்சுப் பிழையாக இருந்தாலும், பிழை ஒன்றுக்கு 2.56 டாலர் என்று செக் எழுதி அனுப்பினார். ஏன் அந்தக் கணக்கு? 256 சென்ட் என்பது ஹெக்ஸாடெசிமலில் 100. அதாவது ஒரு "ஹெக்ஸாடெசிமல் டாலர்". 2008 முதல் செக்குக்குப் பதிலாக, ஒரு கற்பனை வங்கியின் பெயரில் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். வாங்கியவர்களில் பலர் அந்தச் செக்கைப் பணமாக மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்கள். அவ்வளவு பெரிய அறிஞர், தன் பிழையைச் சொன்னவருக்குத் தன் கையால் எழுதி நன்றி சொல்கிறார். பிழையைச் சுட்டிக் காட்டுவது அவமரியாதை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முடிவுரை

நண்பர்களே! இந்த செமஸ்டரில் ஏதாவது ஒரு கையேட்டின் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் பயன்படுத்துகிற மென்பொருளாக இருக்கட்டும். கட்டளைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள். பிழை கிடைத்தால் மேலே சொன்ன வரிசைப்படி போங்கள். கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, ஓர் அத்தியாயம் முழுசாகப் படித்திருப்பீர்கள்!

சந்தேகம் இருந்தால் புதன், வெள்ளி மதியம் லேப் முடிந்ததும் நானும் என் வகுப்புத் தோழிகளும் அங்கேதான் இருப்போம். எந்தத் துறையாக இருந்தாலும் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.